ஜெபின் சிஸ்டர் வீட்டுக்காரர்

தூத்துக்குடி பாளை ரோட்டில் உள்ள அந்த ஆஸ்பத்திரிக்குள் போய் ஜெபின் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேன் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோரும் இரண்டாவது மாடிக்குத்தான் கையைக் காட்டுவார்கள். ஏறிப் போனால், குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளை வைத்திருக்கும் என்ஐசியூ கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருவாள். அவள் பெயர் ஈவாஞ்சலின். ஞானஸ்நானம் கொடுத்து ஜெபின் என்று பெயர் வைக்கப்பட்ட ஆண்பிள்ளை கீழே அவசரப் பிரிவில், திருக்கை மீன் குத்திய ஒருவனுடைய காலைப் பிடித்து வெந்நீருக்குள் வைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு அங்கே பிரதர் என்றுதான் பெயர்.

இது யாரும் திட்டம் போட்டுச் செய்த வேலை இல்லை. கல்யாணம் முடிந்து புருஷனும் பெண்டாட்டியும் நர்சுகளாக அங்கே சேர்ந்தபோது, என்ஐசியூவில் ஏற்கெனவே மூத்த ஈவாஞ்சலின் ஒருவர் இருந்தார். தூத்துக்குடி ஜில்லா நாசரேத் ஊர்ப்பக்கத்துப் பெண்களில் ஈவாஞ்சலினுக்கா பஞ்சம்? சின்ன ஈவாஞ்சலினின் பேட்ஜில் ‘ஈவாஞ்சலின் ஜெபின்’ என்று இருந்ததால், அடையாளத்துக்கு அவளை ஜெபின் சிஸ்டர் என்றார்கள். மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் மட்டும் போகவில்லை.

ஆரம்பத்தில் ஜெபினுக்கு அது இனிக்கத்தான் செய்தது. தன் பெயரைச் சொன்னால் பெண்டாட்டி திரும்பிப் பார்க்கிறாள் என்றால் எந்தப் புருஷனுக்குத்தான் கசக்கும்? நாளாக ஆக டாக்டர்கள் ‘சிஸ்டர்’ என்ற வாலையும் நறுக்கிவிட்டார்கள். உள்ளங்கை அளவு பிள்ளைக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லையா, ‘ஜெபினைக் கூப்பிடுங்க’ என்றார்கள். பிழைக்குமா பிழைக்காதா என்று கிடந்த ஒரு பிள்ளை தேறி வீட்டுக்குப் போனபோது, ஆறுமுகநேரிக்காரர்களான அதன் தாய் தகப்பன் அதற்கு ஜெபின் என்றே பெயர் வைத்தார்கள். வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகிற குடும்பம் அது. அந்தப் பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ என்ஐசியூ சுவரில் தொங்குகிறது. ஜெபின் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவைப் பார்க்காத மாதிரி நடப்பான்.

பேரீச்சம்பழச் சங்கதியும் ஒன்று உண்டு. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து வந்த கையோடு ஒரு பெரிய டப்பாவை ரிசப்ஷனில் கொடுத்து, ஜெபினுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ரிசப்ஷனில் இருந்த பிள்ளை வேலைக்குப் புதிது. பேட்ஜைப் பார்த்துவிட்டு இவன் கையில் கொடுத்துவிட்டது. ஜெபின் பூரித்துப் போனான். யாருக்குத் தையல் போட்டோம், யாருக்கு மூச்சை மீட்டுக் கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டே பாதி டப்பாவைத் தின்றான். மறுநாள் அந்தப் பிள்ளை ஓடிவந்து, “அண்ணே, அது மாடியில உள்ள ஜெபினுக்காம்” என்றது. மீதி டப்பாவைக் கொண்டுபோய் ஈவாஞ்சலினிடம் கொடுத்தான். “அதனால என்ன அத்தான், நீங்களே தின்னுங்க” என்றாள் அவள்.

அவள் அப்படித்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் அவனுக்கு. குழம்பில் கடைசித் துண்டு மீன் அவனுக்கு. அவள் விட்டுக்கொடுக்கக் கொடுக்க இவனுக்கு வயிறு இன்னும் எரியும். அதுதான் வேடிக்கை.

ஜெபினுக்குப் பொறாமை உண்டு. ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? சாத்தான்குளத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, டாக்டருக்கு மார்க் பத்தாமல் நர்சிங்குக்கு வந்தவன். வகுப்பு நிறையப் பெண்கள், ஓரத்து பெஞ்சில் கொஞ்சம் பையன்கள். முதல் மார்க் எப்போதும் ஈவாஞ்சலின். இவள் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று பார்க்கப் போனவன்தான், பார்த்துப் பார்த்து அவளையே கட்டிக்கொண்டான். அவனுடைய பொறாமையால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்ததும் அவனை டயாலிசிஸ் பிரிவில்தான் போட்டார்கள். அங்கே கூட வேலை பார்த்த சிவப்பிரகாஷ் குவைத்துக்குப் போனான். கல்ஃபில் டயாலிசிஸ் நர்சுக்கு ரொம்பக் கிராக்கி. சரி, நாமும் இதையே பிடித்துக்கொள்வோம் என்று ஜெபின் உட்கார்ந்தான். கை பழகி, நோயாளிகள் இவனையே தேடி ஊசி குத்திக்கொள்ள ஆரம்பித்த சமயத்தில், ஐசியூவில் இருந்த பெர்சி அயர்லாந்துக்குப் போனாள். பனிக்குள் நின்று எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அதைப் பார்த்த ராத்திரி இவனுக்குத் தூக்கம் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி ஐசியூவுக்கு மாறினான். வென்டிலேட்டர் பிடிபட்டுவரும்போது, ஆபரேஷன் தியேட்டர்காரன் ஒருவன் சென்னைக்குப் பெரிய சம்பளத்தில் போனான் என்று கேள்விப்பட்டுத் தியேட்டருக்குத் தாவினான். அப்புறம் இருதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேப். அதற்குப் பிறகு எந்தப் பிரிவும் இவனை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அவசரப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஈவாஞ்சலின் சேர்ந்த இடத்திலேயே இருந்தாள்.

“ஏளா, அங்கன கெடந்தா அங்கனயே கெடக்க வேண்டியதுதான்” என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். “வெளிநாட்டுக்காரன் ஐசியூவைக் கேப்பான், டயாலிசிஸைக் கேப்பான். பச்சப்புள்ளயத் தூக்கிட்டுத் திரியுத ஆளையா தேடி வாரான்?”

“எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு அத்தான்” என்பாள்.

அவள்தான் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். புதிதாக வருகிற நர்சுகளுக்கு ஜெபின் பிரதர்தான் வழிகாட்டி. ‘ரூட்டு பிரதர்’ என்று ரகசியமாக ஒரு பட்டமும் இருந்தது. கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லுவான். “எடுத்த எடுப்புல கேஷுவால்ட்டிக்கு வாங்க. எல்லாத்தையும் தொட்டுப் பாக்கலாம், பயம் போயிரும். அப்புறம் ஐசியூ, அதை மட்டும் பாதியில விட்றாதீங்க. நிக்க முடியுமா, தியேட்டருக்குப் போங்க. நிக்க முடியாது, மனுசங்ககிட்ட பேசப் பிடிக்குமா, டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவை அதே மொகந்தான் வரும், சொந்தக்காரங்க மாதிரி ஆயிருவாங்க. குடும்பத்தோட ஊர்லயே இருக்கணும்னா கம்பெனி ஆஸ்பத்திரியைப் பாருங்க.” அவன் சொன்னதெல்லாம் சரிதான். கேட்டவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மஸ்கட்டுக்கும் லண்டனுக்கும். விமானம் ஏறுமுன் அவனுடன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். இவன் சிரித்துக்கொண்டே நிற்பான். அவர்கள் போன பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவான்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு புது வேலை வந்தது. டிரெய்னிங் இன்சார்ஜ். புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு எல்லாப் பிரிவு வேலையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பகல் டியூட்டி மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகலாம், கிறிஸ்துமஸ் அன்று வீட்டில் இருக்கலாம். முதல் மாடியில் தனி அறை, அறைக் கதவில் பெயர்ப் பலகை.

ஜெபினுக்கு அந்தப் பலகைதான் கண்ணுக்குள் நின்றது. என் பெயர், என் கதவில், இந்தக் கட்டிடத்திலேயே. இத்தனை பிரிவு தாவியதும் இதற்காகத்தான் என்று இப்போது தோன்றியது. இந்த ஆஸ்பத்திரியில் எல்லாப் பிரிவும் தெரிந்தவன் வேறு எவன்? நேராக நர்சிங் சூப்பிரண்ட் ஜீவமணி மேடத்திடம் போய், அந்த வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டான். பார்க்கலாம் பிரதர் என்றார் மேடம். அன்று வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடமும் சொன்னான்.

“எனக்குத்தான் கெடைக்கும், பாத்துக்கோ.”

ஈவாஞ்சலின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அதற்கடுத்த நாட்களில் அவள் சரியாகப் பேசவில்லை. என்னவோ சொல்ல வருவாள், பிறகு தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போவாள். ஜெபினுக்குப் புரிந்துவிட்டது. அடடா, இவளுக்கும் பொறாமை வந்துவிட்டதே. எத்தனை வருஷம் நான் பட்டேன், கொஞ்சம் படட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவளுடைய புருஷன் இப்படி நினைத்தான் என்று தெரிந்தால் அந்தப் பெண் எங்கே போய் முட்டிக்கொள்வாள்?

பிறகு ஒரு மாலை, லீவு சொல்வதற்காகச் சூப்பிரண்ட் அறைக்குப் போனவன் கதவருகே நின்றுவிட்டான். உள்ளே மேடம் பெரிய டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஜெபின்தான் சார். எனக்கு வேற ஆளே மனசுல இல்ல. கோவப்படமாட்டாவ. நல்லாச் சொல்லிக்குடுப்பாவ. புதுசா வார பிள்ளைகளும் அவுகட்ட ஒட்டிக்கிடும்.”

மேடம் நாசரேத்காரர். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் வாய் நாசரேத்தில்தான் இருந்தது. கீழே வேலை பார்க்கிறவர்களைக் கூட மரியாதை குறையாமல், வந்தாவ, போனாவ என்றே சொல்லுவார். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த ‘ஆவ’ ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். மரியாதையை ஒரு நிமிஷம் மறந்து ‘சொல்லிக்குடுப்பா’ என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜெபின் லீவும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி நடந்தான். பேரீச்சம்பழ டப்பா அவனுக்கு நினைவு வரவில்லையா என்றால், வந்தது. படியிறங்கும்போதே வந்தது. சீ, அது துபாய்க்காரர், இது சூப்பிரண்ட் மேடம், நான் வாய்விட்டுக் கேட்ட வேலை, என்று அதைத் தள்ளிவிட்டான். நேரே பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கினான். சின்னப் பெட்டி இல்லை, பெரிய பெட்டி. வீட்டில் சொல்லவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில் நாலு பேர் சொல்லிக் கேட்கட்டும் என்று பைக் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினான்.

மறுநாள் காலை டியூட்டி மாறும் நேரம். அவசரப் பிரிவில் நைட் பார்த்தவர்களும் டே பார்க்க வந்தவர்களும் ஒன்றாக நிற்கும்போது பெட்டியைத் திறந்தான்.

“எடுங்க, எடுங்க. டிரெய்னிங் இன்சார்ஜ் விசயந்தான். ஜெபினுக்குத்தான்னு முடிவாயிட்டு.”

எல்லோருக்கும் அதற்கு முந்தியே தெரிந்திருந்தது போல. ஆளாளுக்கு எடுத்தார்கள், கை குலுக்கினார்கள். கூட வேலை பார்க்கும் முருகேஸ்வரி ஒன்றைக் கடித்துவிட்டு அவனை ஒரு மாதிரி உருக்கமாகப் பார்த்தாள்.

“ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே. எங்க வீட்டுக்காரருன்னா இந்நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு ஒரு வாரம் சோறு திங்கமாட்டாரு.”

ஜெபினுக்கு விளங்கவில்லை. அவள் புருஷன் எதற்குச் சோறு தின்னாமல் இருக்க வேண்டும்? சங்கு குளிக்கப் போய்க் காதில் ரத்தத்தோடு வந்த ஒருவரைப் படுக்கையில் ஏற்ற வேண்டியிருந்தது. காதைச் சுத்தம் பண்ணிக்கொண்டே யோசித்தான்.

நிமிர்ந்தபோது ஜீவமணி மேடம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மக்ரூன்.

“பொண்டாட்டி பதவிக்குப் புருசன் ஸ்வீட் குடுத்து இப்பதான் பாக்கேன். நான் ஒங்களைத் தப்பா நெனச்சிருந்தேன் பிரதர், மன்னிச்சிக்கோங்க.”

ஜெபின் கையுறையைக் கழற்றினான். கழற்றி முடிய நேரமாயிற்று.

“ஈவா ஒரு வாரமா என் உயிரை எடுத்துட்டாவ” என்று மேடம் சிரித்தார். “அவரு ஆசைப்பட்டிருக்காவ மேடம், நான் வந்தா அவருக்கு மனசு சங்கடப்படும், வேண்டாம் மேடம்னு ஒரே பல்லவி. நேத்தைக்கு டாக்டர் சாரே பேசியும் கேக்கல. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள கடைசி முடிவைச் சொல்லுங்கன்னேன். அவுக மாட்டேன்னா அடுத்து நீங்கதான், ஒளிக்காமச் சொல்லுதேன். இப்பதான் மேல போறேன். ஒங்க வீட்டுக்காரரு கீழ மக்ரூன் குடுத்துட்டு நிக்காவன்னு சொல்லப்போறேன். இனிமே என்ன சாக்குச் சொல்லுதாவன்னு பாப்போம்.”

மேடம் நடந்தார். ஒரு வார்த்தை போதும். மேடம், நான் எனக்குன்னு நினைச்சுத்தான் வாங்கினேன் என்று சொன்னால் போதும். மத்தியானத்துக்குள் கதவும் பலகையும் அவனுக்கு.

“மேடம்” என்றான்.

திரும்பிப் பார்த்தார். முருகேஸ்வரி பார்த்தாள். சங்குக்காரர் கூட, காது கேட்காவிட்டாலும், பார்த்தார்.

“இன்னொண்ணு எடுத்துக்கோங்க” என்றான் ஜெபின்.

வாய்க்கு வந்தது அதுதான். நல்ல மனசு என்று எல்லோரும் சொல்லிவிட்ட பிறகு, அந்த இடத்திலேயே அதைக் கழற்றி வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை. மேடம் இன்னொன்றை எடுத்துக்கொண்டு மாடியேறினார். என் மக்ரூனே எனக்கு எமன் என்று நினைத்துக்கொண்டான். உள்ளே அப்படி எரிந்தது. அந்த நிமிஷம் பெண்டாட்டி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்காமலே கிடைக்கிறதே இவளுக்கு. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லுகிற கொழுப்பும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே. கேட்டுக் கேட்டு வாய் வலித்தவன் இங்கே நிற்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் ஈவாஞ்சலின் வந்தாள். லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“நெசமாவே எனக்காவா வாங்குனீங்க?”

“பின்ன யாருக்காம்?”

அவள் கண் நிறைந்துவிட்டது. “நான் ஒரு வாரமா பயந்துட்டே கெடந்தேன் அத்தான். சொன்னா நீங்க மொகத்தைத் திருப்பிக்கிடுவீங்கன்னு. ஒங்களை எப்படி நெனச்சிட்டேன் பாருங்க. மேடத்துக்கிட்ட சரின்னு சொல்லிரவா?”

“சொல்லு.”

“கதவுல போடுத பலகைக்குப் பேரு கேக்காவ. ஈவாஞ்சலின் ஜெபின்னு முழுசாப் போடச் சொல்லட்டா?”

“ஜெபின் வேண்டாம். அதை எடுத்துரு.”

“ஏன், எல்லாருக்கும் அதுதான தெரியும்?”

“அந்தப் பேரைச் சொன்னா நான்னு நெனச்சிக்கிடுதேன், ஈவா.”

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. ஈவாஞ்சலின் சிரிக்கப் போனாள், பாதியில் நின்றுவிட்டாள். மேசை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பெரிய பெட்டி. நேற்று மாலை வாங்கியிருக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவராத பெட்டி. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். மார்க்கில் முதலாவதாக வந்தவள் அல்லவா, விளங்குவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஜெபின் காத்திருந்தான். இப்போது சொல்லுவாள். அதனால என்ன அத்தான், நீங்களே எடுத்துக்கோங்க என்பாள். ஜன்னலோரம் கொடுத்தவள், கடைசித் துண்டு கொடுத்தவள். அவள் சொன்னால் வேண்டாம் என்று ஒரு தடவை மறுத்துவிட்டு, இரண்டாம் தடவை ஒத்துக்கொள்வது என்று அதற்குள் அவன் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

அவள் பெட்டியிலிருந்து ஒரு மக்ரூனை எடுத்தாள். நின்றபடியே அதை முழுதாகத் தின்றாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“நல்லாருக்கு” என்றாள். “சரி. ஈவாஞ்சலின்னு மட்டும் போடச் சொல்லுதேன். நாசரேத்ல எத்தனை ஈவாஞ்சலின் இருந்தாலும் இந்தக் கட்டடத்துல இப்ப நான் ஒருத்திதான்.”

படியேறிப் போனாள். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இப்படி ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு போவதை அவன் முதல் தடவையாகப் பார்த்தான். பொறாமை தணிந்ததா என்றால், அதெல்லாம் இல்லை. ஆனால் அவளுடைய வேலையைப் பார்த்து இதுவரை பொறாமைப்பட்டவனுக்கு, அந்த நடையைப் பார்த்து இப்போது பொறாமை வந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கால் வீங்கியிருந்தது, திருக்கைதான்.

“பிரதர், சீக்கிரம் வாங்க பிரதர்.”

“ஜெபின்னு கூப்பிடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே அவன் வெந்நீர் எடுக்கப் போனான்.